நிக்கல்–ஹைட்ரஜன் வாதத்தில் ஐசோடோப்புக் கணக்கைச் சரிபார்க்கும் முறை

நிக்கலில் ஹைட்ரஜனை ஏற்றிச் சூடாக்கினால், உள்ளே செலுத்திய மின்னாற்றலைவிடக் கூடுதலான வெப்பம் வெளிவருகிறது என்ற கூற்று, ஃபோக்கார்டி, ஹாபெல், பியாந்தெல்லி என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இன்றுவரை வாதிக்கப்பட்டு வருகிறது. இந்த வாதம் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு தரப்பு, இயற்பியல் விதிப்படி இது நடக்கவே முடியாது என்கிறது. மறுதரப்பு, விதிகள் முழுமையடைந்துவிட்டன என்று யார் சொன்னார்கள் எனத் திருப்பிக் கேட்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களாலும் எந்த அளவீடும் சரிபார்க்கப்படுவதில்லை.

அணுக்கரு வினை ஒன்று உண்மையில் நடந்திருந்தால், அது மூன்று பேரேடுகளில் பதிவாக வேண்டும்: வெப்பம், அணுக்களின் எண்ணிக்கை, கதிர்வீச்சு. ஒரு பேரேட்டில் வரவு காட்டிவிட்டு மற்ற இரண்டையும் மூடிவைக்க முடியாது. நிக்கலுக்கு நிலையான ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுவகைகள்) ஐந்து இருப்பதால், இந்தக் கணக்கை மற்ற பல தனிமங்களைவிட நுட்பமாகப் போட்டுப் பார்க்க முடிகிறது. மேல்நிலைப் பள்ளி இயற்பியலும், ஒரு கணிப்பானும், பொறுமையும் உள்ளவர் எவரும் இதைச் செய்யலாம்.

முதலில், எதிரே இருப்பவர் எந்தக் கூற்றை முன்வைக்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் பான்ஸும் அறிவித்தது, பல்லேடியத்தில் கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தை மின்னாற்பகுப்பால் ஏற்றும் சோதனையை. நிக்கல் தரப்பினர் பேசுவது சாதாரண ஹைட்ரஜனை, அதாவது தனிப் புரோட்டானை. டியூட்ரான்கள் (டியூட்டீரிய அணுக்கருக்கள்) இரண்டு இணைவதும், 28 புரோட்டான்கள் கொண்ட நிக்கல் அணுக்கருவுக்குள் மேலும் ஒரு புரோட்டான் நுழைவதும் முற்றிலும் வேறுபட்ட நிகழ்வுகள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கு வாதமாக வைக்க விடக்கூடாது. ‘குறைந்த ஆற்றல் அணுக்கரு வினை’ என்ற பொதுப்பெயரின் கீழ் இரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கூற்று எழுதப்பட்ட தாளின் தலைப்பில் இயற்கை நிக்கலின் ஐந்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிக்கல்-58 என்பது 68.08 சதவீதம், நிக்கல்-60 என்பது 26.22, நிக்கல்-61 என்பது 1.14, நிக்கல்-62 என்பது 3.63, நிக்கல்-64 என்பது 0.93. பக்கத்திலேயே, வினையில் பிறக்க வேண்டிய தாமிரத்துக்கும், பல சோதனைகளில் நிக்கலோடு சேர்க்கப்பட்ட லித்தியத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தாமிரம்-63 என்பது 69.15 சதவீதம், தாமிரம்-65 என்பது 30.85, லித்தியம்-6 என்பது 7.59 சதவீதம், லித்தியம்-7 என்பது 92.41. லித்தியத்துக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அணு ஆயுதத் தேவைக்காக லித்தியம்-6 பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சிய லித்தியம் சந்தையில் கலந்திருப்பதால், கடையில் வாங்கும் புட்டியில் இந்த விகிதம் கணிசமாக மாறியிருக்கலாம். ஆகவே ‘சாம்பலில்’, அதாவது உலையில் ஓடி முடித்த தூளில், லித்தியம் மாறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதே புட்டியிலிருந்து எடுத்த, உலைக்குள் போகாத மாதிரியின் அளவீடு எங்கே என்பதுதான் முதல் கேள்வி. நிக்கலில் அத்தகைய பெரிய மாறுபாடு இயற்கையில் இல்லை. பாறைகளிலும் விண்கற்களிலும் காணப்படும் நிக்கல் விகித வேறுபாடுகள் ஆயிரத்தில் சில பங்குகள் என்ற அளவிலேயே இருக்கின்றன.

அடுத்து, வினையை எழுத வேண்டும். நிக்கல் ஒரு புரோட்டானை ஏற்றால் தாமிரமாகிறது. நிக்கல்-58 தாமிரம்-59 ஆகும்போது 3.42 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும். இனி இந்த அலகை மெ.எ.வோ. என்று சுருக்கிக்கொள்கிறேன். நிக்கல்-60 தாமிரம்-61 ஆக மாறினால் 4.80 மெ.எ.வோ.; நிக்கல்-61 தாமிரம்-62 ஆனால் 5.87 அளவில், நிக்கல்-62 தாமிரம்-63 ஆனால் 6.12, நிக்கல்-64 தாமிரம்-65 ஆனால் 7.45. இவற்றில் கடைசி இரண்டின் விளைபொருள் மட்டுமே நிலையானது. தாமிரம்-59 என்பதன் அரை ஆயுட்காலம் சுமார் 82 வினாடி. தாமிரம்-62 என்பதற்குச் சுமார் 9.7 நிமிடம், தாமிரம்-61 என்பதற்கு 3.3 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இவை பெரும்பாலும் பாசிட்ரானை வெளியிட்டு மீண்டும் நிக்கலாகச் சிதைகின்றன.

நிக்கலுக்குள் புரோட்டானை நுழைப்பது கற்பனையானதன்று. நிக்கல்-64 மீது சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான்களை மோதவிட்டு (இங்கே ஒரு நியூட்ரான் வெளியேறிவிடுகிறது), மருத்துவப் படமெடுப்புக்கான தாமிரம்-64 ஐசோடோப்பைத் தயாரிப்பது இன்று வழக்கமான வேலை. விலை அதிகம் என்பதால் பயன்படுத்திய நிக்கல்-64-ஐக் கரைத்து மீட்டெடுத்துத் திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே புரோட்டானுக்குக் கொடுக்கப்படும் ஆற்றல் பத்து மெ.எ.வோ. என்ற வரிசையில் இருக்கும். ஏனென்றால் நிக்கல் அணுக்கருவும் புரோட்டானும் ஒன்றையொன்று தள்ளும் கூலும் தடை 6 மெ.எ.வோ. அளவில் உயர்ந்து நிற்கிறது. 1,200 டிகிரி செல்சியஸில் சூடாகும் உலையில் ஓர் அணுவின் வெப்ப ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குதான். இடைவெளி ஐந்து கோடி மடங்கு. உலோகத்திலுள்ள எலக்ட்ரான்கள் திரைபோல் நின்று தடையைத் தாழ்த்துகின்றன என்பார்கள். திரை உண்மைதான், ஆனால் உலோகங்களில் டியூட்ரான்களை மோதவிட்டு அளக்கப்பட்ட திரையாற்றல் சில நூறு எலக்ட்ரான் வோல்ட் அளவே. மலைக்கு முன் அது ஒரு படிக்கட்டு. இருப்பினும் இந்த இடத்திலேயே வாதத்தை முடித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. ‘அறியப்படாத ஒரு வழி தடையைத் தாண்டச் செய்கிறது’ என்று அவர் சொன்னால், வாதத்துக்காக அதை ஒப்புக்கொள்ளுங்கள். தாண்டியபின் என்ன எஞ்சும் என்பதை எந்தப் புதிய வழியாலும் மாற்ற முடியாது. தொடக்க அணுவும் முடிவு அணுவும் தெரிந்தால் ஆற்றல் வேறுபாடு நிர்ணயமாகிவிடுகிறது.

இப்போது தாமிர விகிதத்தைச் சோதிக்கலாம். 2011 ஜனவரி 14 அன்று ஆந்திரேயா ரோஸியும் செர்ஜியோ ஃபோக்கார்டியும் பொலோனியாவில் ஒரு நிக்கல்–ஹைட்ரஜன் கருவியை இயக்கிக் காட்டினார்கள். அந்த ஆண்டு, பயன்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட தூளைச் சுவீடனில் பகுத்தபோது, அதில் ஏறக்குறைய 10 சதவீதம் தாமிரம் இருந்ததாகவும், ஆனால் ஐசோடோப்பு விகிதங்கள் இயற்கையானவையாகவே இருந்ததாகவும் தெரிவிக்கப்பட்டது. ஆதரவாளர்கள் தாமிரத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிலையான தாமிரத்தை நேரடியாகத் தரக்கூடியவை நிக்கல்-62 என்பதும் நிக்கல்-64 என்பதும்தான். இரண்டும் சேர்ந்தாலும் இயற்கை நிக்கலில் 4.56 சதவீதம். அவை முழுவதும் மாறினாலும் 10 சதவீதத்தை எட்டாது. தவிர, அப்படிப் பிறக்கும் தாமிரத்தில் 63-க்கும் 65-க்கும் உள்ள விகிதம் 80-க்கு 20 என்ற அளவில் இருக்க வேண்டும். இயற்கையிலோ 69-க்கு 31. இயற்கை விகிதத்தில் தாமிரம் கிடைத்தால், அது குழாயிலிருந்தோ இணைப்பிலிருந்தோ வந்தது என்பதே நேரான வாசிப்பு. தாமிரம் இருப்பது சான்றாகாது. எந்தத் தாமிரம் என்பதுதான் சான்று.

வெப்பப் பேரேட்டை அணுப் பேரேடாக மாற்றும் சூத்திரம் எளியது. வெளிவந்ததாகச் சொல்லப்படும் மொத்த ஆற்றலை ஜூலில் எழுதுங்கள். ஒரு வினைக்குரிய மெ.எ.வோ. மதிப்பை 1.602 × 10⁻¹³ என்பதால் பெருக்கினால் ஒரு வினையின் ஜூல் கிடைக்கும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வினைகளின் எண்ணிக்கை வரும். அதை அவகாட்ரோ எண்ணால் வகுத்து அணு நிறையால் பெருக்கினால், எத்தனை கிராம் புதிய பொருள் உண்டாகியிருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதற்குச் சிறந்த பயிற்சிக்களம் 2014-இல் வெளியான லுகானோ அறிக்கை. சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில், ரோஸியின் கருவியை இத்தாலிய, சுவீடிய ஆய்வாளர்கள் 32 நாள் இயக்கி, சுமார் ஒரு கிராம் எரிபொருளிலிருந்து ஏறக்குறைய 1.5 மெகாவாட் மணி உபரி ஆற்றல் கிடைத்ததாக எழுதினார்கள். 1.5 மெகாவாட் மணி என்பது 5.4 × 10⁹ ஜூல். எந்த வேதிவினையாலும் ஒரு கிராமிலிருந்து இதைப் பெற முடியாது. ஹைட்ரஜன் எரிந்தால்கூட ஒரு கிராமுக்கு 1.42 லட்சம் ஜூல்தான். ஆகவே இங்கே ‘வேதியியலா, அணுக்கருவியலா’ என்ற கேள்வி எழவில்லை. ‘அணுக்கருவியலா, அளவீட்டுப் பிழையா’ என்பதே கேள்வி. நிக்கல்-62 தாமிரம்-63 ஆகும் வினையால் இந்த வெப்பம் வந்தது என்று வைத்தால், 0.58 கிராம் தாமிரம் உண்டாகியிருக்க வேண்டும். ஒரு கிராம் எரிபொருளில் அது பாதிக்கும் மேல். கண்ணில் படாமல் போகாது. அறிக்கை சொன்னதோ வேறு. சாம்பல் மாதிரியில் தாமிரம் குவியவில்லை. நிக்கல்-62 மட்டும் 98 சதவீதத்துக்கு மேல் இருந்தது. லித்தியத்தில் 6 என்பதும் 7 என்பதும் ஏறக்குறைய இடம் மாறியிருந்தன. இதற்கு முன் 62, 64 ஆகியவையே எரிகின்றன என்று ரோஸி விளக்கியிருந்தார். இப்போது 62 என்பதே சாம்பல். எரிபொருளும் சாம்பலும் ஒரே ஐசோடோப்பாக இருக்க முடியாது என்ற கேள்வியை, எந்தக் கோபமும் இல்லாமல், மேசையில் வைக்கலாம்.

நிக்கல்-62 முடிவை ஆதரிப்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைக்காமல் முன்வைப்பதுதான் நேர்மை. எல்லா அணுக்கருக்களிலும் ஒரு நியூக்ளியானுக்கான (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கான) பிணைப்பாற்றல் மிக அதிகமாக உள்ளது நிக்கல்-62-க்குத்தான், 8.79 மெ.எ.வோ. பலரும் இரும்பு-56 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லித்தியம்-7 தன் நியூட்ரானை இழந்து லித்தியம்-6 ஆகி, அந்த நியூட்ரான்கள் நிக்கலை 62 வரை ஏற்றிச் செல்கின்றன என்றால், ஒவ்வொரு நிக்கல்-58-க்கும் நிகர லாபம் 9.8 மெ.எ.வோ. வரும். இயற்கை நிக்கல் ஒரு கிராம் முழுவதும் அப்படி மாறினால் சுமார் 3.5 மெகாவாட் மணி. வெப்பப் பேரேடு மட்டும் திறந்திருந்தால், பொருந்திவிட்டதே என்று தோன்றும்.

அணுப் பேரேட்டைத் திறந்தால் பொருத்தம் கலைகிறது. இயற்கை நிக்கலை 62-க்குக் கொண்டுபோகச் சராசரியாக ஒரு அணுவுக்கு 3.24 நியூட்ரான்கள் தேவை. ஒரு கிராம் நிக்கலுக்கு அது 0.055 மோல் நியூட்ரான், அதாவது 0.39 கிராம் லித்தியம்-7 தன் நியூட்ரானை ஒன்றுவிடாமல் கொடுக்க வேண்டும். இத்தகைய சோதனைகளில் பரவலாகப் பின்பற்றப்பட்ட கலவை, ஒரு கிராம் நிக்கல் தூளுக்கு 0.1 கிராம் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு. அதிலுள்ள லித்தியம், தேவையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கொடுப்பவன் கையில் இல்லாத பணம் வாங்கியவன் பெட்டியில் எப்படி வந்தது? மேலும், மெதுநியூட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குப் பரப்பு நிக்கல்-58-க்கு சுமார் 4.6 பார்ன் (அணுக்கருவின் பிடிப்புத் திறனை அளக்கும் பரப்பலகு), நிக்கல்-60-க்கு 2.9, நிக்கல்-62-க்கு 14.5. நியூட்ரான்கள் சுதந்திரமாக உலவியிருந்தால், வேகமாகத் தீர்ந்திருக்க வேண்டியது 62 என்பதே. அது நிக்கல்-63 ஆக மாறி, நூறு ஆண்டு அரை ஆயுட்காலத்துடன் இன்றும் பீட்டாத் துகள்களை வீசிக்கொண்டிருக்கும். நிக்கல்-64 என்பதும் மறைந்துபோயிருந்தது என்பதைக் கவனியுங்கள். மற்றவை நியூட்ரானை ஏற்று 62-க்கு மேலேறி வந்தபோது, இது மட்டும் இரண்டு நியூட்ரானைக் கழித்துக் கீழிறங்கி வந்திருக்க வேண்டும். எல்லா வழிகளும் ஒரே ஊரில் வந்து முடிகின்றன என்றால், அந்த ஊரிலிருந்தே மாதிரி வந்ததா என்று கேட்பதில் தவறில்லை. மிக உயர்ந்த தூய்மையில் செறிவூட்டப்பட்ட நிக்கல்-62 வணிகமுறையில் விற்கப்படும் பொருள்.

கதிர்வீச்சுப் பேரேட்டில் எழுத வேண்டியவை குறைவு, ஆனால் கறாரானவை. ஒரு வாட் வெப்பம் வரச் சராசரியாக ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி வினைகள் நடக்க வேண்டும். இயற்கை நிக்கலில் 58, 60, 61 மூன்றும் சேர்ந்து 95 சதவீதம் இருப்பதால், புரோட்டான் ஏற்பு எல்லா ஐசோடோப்பிலும் நடந்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு பாசிட்ரானைத் தரும். ஒவ்வொரு பாசிட்ரானும் அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் புறப்படும். பெட் ஸ்கேன் எடுக்கும் ஒருவரின் உடலில் செலுத்தப்படும் அளவு சுமார் 37 கோடி பெக்கரல், அதாவது வினாடிக்கு அத்தனை சிதைவுகள். அப்படிப் பார்த்தால், ஒரே வாட் தரும் உலை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய நோயாளிகளுக்குச் சமமாக ஒளிர வேண்டும். ஒரு கிலோவாட் என்றால் அருகில் நின்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள முடியாது. உலை ஓடும்போது ஈயக் கவசம் மறைத்துவிட்டது என்று பதில் வரலாம். தாமிரம்-61 மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலான அரை ஆயுட்காலம் உடையது என்பதை நினைவூட்டி, மறுநாள் தூளை வெளியே எடுத்தபோது காமா நிறமாலை பதிவாயிற்றா என்று கேட்க வேண்டும். ஒரு நாளில் அது 145-இல் ஒரு பங்காகக் குறைந்தாலும் சாதாரண கைக்கருவியே அலறும் அளவு மிஞ்சியிருக்கும்.

கதிர்வீச்சு இல்லாததை விளக்கும் கோட்பாடுகள் உண்டு. அவற்றுள் அதிகம் மேற்கோளாவது 2006-இல் வெளியான விடம்–லார்சன் கட்டுரை. உலோகப் பரப்பில் ‘கனத்த’ எலக்ட்ரானை ஒரு புரோட்டான் விழுங்கி மெதுநியூட்ரான் ஆகிறது, வெளிவரும் காமாவை அதே எலக்ட்ரான்கள் உறிஞ்சிக்கொள்கின்றன என்பது அதன் சாரம். புரோட்டான் நியூட்ரானாக மாற 0.78 மெ.எ.வோ. வெளியிலிருந்து வர வேண்டும் என்பதையும், அந்தக் காமாவை விழுங்கும் திரை உண்மையாயின் வெளியிலிருந்து செலுத்தும் காமாவையும் அது மறைக்க வேண்டும் என்பதையும் சுட்டிக்காட்டினால் போதும். பின்னது சோதிக்கக்கூடிய கணிப்பு.

பகுப்பாய்வுக் கருவி பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். நிறை நிறமாலைமானி தனிமத்தைப் பார்ப்பதில்லை. நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தையே பார்க்கிறது. 58 என்ற இடத்தில் இரும்பு-58 வந்து உட்காரும். 64 என்ற இடத்தில் துத்தநாகம்-64 வரும். இரண்டு சோடியமும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த அயனிக்கு நிறை 62. டைட்டானியம்-46 ஓர் ஆக்சிஜனோடு சேர்ந்தாலும் 62. கரைத்த மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கும் முறையில் ஆர்கானும் சோடியமும் கூடினால் 63, அதாவது தாமிரத்தின் இடம். நிக்கல்–ஹைட்ரஜன் மாதிரிக்கே உரிய தனிக் கண்ணி ஒன்றும் இருக்கிறது. ஹைட்ரஜன் நிறைந்த நிக்கலின் பரப்பை அயனிக் கற்றையால் செதுக்கும்போது நிக்கல் ஹைட்ரைடு அயனிகள் எழும்பும். நிக்கல்-62 உடன் ஒரு ஹைட்ரஜன் ஒட்டினால் நிறை 63, நிக்கல்-64 உடன் ஒட்டினால் 65. அணுக்கருவுக்குள் புரோட்டான் நுழைந்ததா, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது முழு எண்ணில் தெரியாது. இரண்டுக்கும் உள்ள நிறை வேறுபாடு 0.0066 அணு நிறை அலகு; அது வேறொன்றுமில்லை, மேலே எழுதிய 6.12 மெ.எ.வோ. என்பதே நிறையாக உருமாறி நிற்கிறது. இந்த இடத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு எழும்: வாதத்துக்குரிய அந்த ஆற்றலே, வாதத்தைத் தீர்க்கும் அளவுகோலாகவும் அமைந்துவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஏறத்தாழ 9,600 பகுதிறன் கொண்ட கருவி, அதாவது நிறையில் 9,600-இல் ஒரு பங்கு வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் கருவி தேவை. பரவலாகப் பயன்படும் நான்முனை (குவாட்ரபோல்) நிறமாலைமானி முழு எண்களை மட்டுமே பிரிக்கும். உயர் பகுதிறன் காந்தப்புலக் கருவியால் முடியும். எனவே அறிக்கையில் ‘தாமிரம்’ என்று கண்டால், கருவியின் பகுதிறன் என்ன என்று கேளுங்கள். அமெரிக்கத் தர நிறுவனத்தின் 986 எண் நிக்கல் ஐசோடோப்புத் தரமாதிரியை அதே நாளில் அதே கருவியில் ஓட்டிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

செதுக்கும் முறை பரப்பில் சில நானோமீட்டர் ஆழத்தையே காணும். கரைத்து அளக்கும் முறை மாதிரி முழுவதையும் காணும். ஒரு கிராமிலிருந்து பொறுக்கியெடுத்த சில மணிகளின் விகிதம் மொத்தத் தூளின் விகிதமாகாது. மாதிரியை எடுத்தது யார், உலையைத் திறந்தபோது உடனிருந்தவர் யார், முத்திரை எங்கே வைக்கப்பட்டது என்பவை குற்றச்சாட்டுகள் அல்ல. எந்த ஆய்வகமும் வழக்கமாகப் பதியும் விவரங்கள். லுகானோவில் எரிபொருளை இட்டபோதும் சாம்பலை எடுத்தபோதும் கருவியின் உரிமையாளரான ரோஸி உடனிருந்து கையாண்டார் என்பதை அந்த அறிக்கையே சொல்கிறது. அந்த ஒரு காரணத்தாலேயே, 98 சதவீதம் என்ற எண் எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டிருந்தாலும், அது உலைக்குள் நடந்ததைப் பற்றிய சான்றாகாது.

வெப்ப அளவீட்டில் தவறு நுழையும் வாசல்கள் பல. நான் மூன்றை மட்டும் சொல்கிறேன். வாதங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவைதாம். முதலாவது, நீராவி. 20 டிகிரி நீரின் ஒரு கிலோவை 100 டிகிரிக்குக் கொண்டுவர 335 கிலோ ஜூல் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோ ஜூல் வேண்டும். வெளிவந்தது முழுக்க உலர் நீராவி என்று எண்ணிக் கணக்கிட்டு, உண்மையில் வெந்நீரே வழிந்து போயிருந்தால், ஆற்றல் ஏழரை மடங்குக்கும் மேலாகப் பெருத்துத் தெரியும். 2011-இல் காட்டப்பட்ட சோதனைகளில் இதுதான் மையக் கேள்வியாக இருந்தது. குழாயின் வாயில் வைத்த ஈரப்பதமானியால் நீராவியில் கலந்த நீர்த்துளிகளின் நிறையை அளக்க முடியாது.

இரண்டாவது, வெப்பப் படக்கருவி. பரப்பிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. வெப்பநிலையில் பத்து சதவீதப் பிழை, ஆற்றலில் 46 சதவீதப் பிழையாகும். லுகானோ உலையின் வெளிப்பரப்பு அலுமினா. அதன் வெளியிடுதிறன் (வெப்பத்தைக் கதிராக வெளியிடும் திறன்) எல்லா அலைநீளத்துக்கும் சராசரியாக ஒரு மதிப்பும், படக்கருவி பார்க்கும் நீண்ட அகச்சிவப்புப் பட்டையில் அதைவிட மிக உயர்ந்த இன்னொரு மதிப்பும் கொண்டது. முன்னதைப் பின்னதன் இடத்தில் இட்டால், கருவி உண்மையைவிட மிக அதிகமான வெப்பநிலையைக் காட்டும். லுகானோ அறிக்கை மீது வந்த கடுமையான விமர்சனம் இதுவே. அதைத் தீர்த்திருக்கக்கூடிய எளிய வழி ஒன்று இருந்தது: எரிபொருள் இல்லாத அதே உலையை, அதே மின்திறனில் ஓட்டிப் பார்ப்பது. வெற்று ஓட்டம் நடந்தது, ஆனால் குறைந்த மின்திறனில் மட்டும்.

மூன்றாவது, ஹைட்ரஜனே. அதன் வெப்பங்கடத்தும் திறன் ஆர்கானைப்போல் சுமார் பத்து மடங்கு. ஆர்கானை நிரப்பி ஒப்பீட்டு ஓட்டம் நடத்திவிட்டு ஹைட்ரஜனுக்கு மாறினால், உலையின் எந்தப் பகுதி எவ்வளவு சூடாகும் என்பதே மாறிவிடும். ஒரே ஒரு வெப்பமானியை நம்பியிருப்பவருக்கு அந்த மாற்றம் உபரி வெப்பமாகவே தெரியும். 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சோதனையை ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்ன் ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 1996-இல் வெளியிட்டபோது, வெப்பநிலை மாறியது உண்மை, உபரி ஆற்றல் இல்லை என்றே முடித்தார்கள். ஆகவே வெப்பநிலைக் கோடு மேலேறும் படத்தை ஒருவர் காட்டினால், வெப்ப ஓட்டத்தை முழுவதும் வளைத்துப் பிடிக்கும் கலோரிமீட்டர் பயன்பட்டதா என்று கேளுங்கள்.

மறுதரப்பிடம் நியாயமாக நடக்க, எதிர்மறை முடிவுகளையும் அளவோடு சொல்ல வேண்டும். கூகுள் நிதியளித்த குழு 2019 மே மாதம் நேச்சர் இதழில் எழுதியபோது, ஹைட்ரஜனோடு சூடாக்கிய உலோகத் தூள் மாதிரிகள் 420-ஐச் சோதித்தும் உபரி வெப்பம் காணவில்லை என்றது. அது அந்த மாதிரிகளைப் பற்றிய முடிவு. துறையை ஆராயவே கூடாது என்று அக்குழு சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்க எரிசக்தித் துறையின் உயர் ஆராய்ச்சி முகமை, இதே துறையில் எட்டுத் திட்டங்களுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. அதை ‘அரசே ஒப்புக்கொண்டது’ என்று திரிப்பது தவறு. நோக்கம், அணுக்கருச் சான்று உண்டா இல்லையா என்பதைத் தெளிவாகத் தீர்ப்பது. அதுபோலவே, ரோஸிக்கும் அவருக்கு முதலீடு செய்த அமெரிக்க நிறுவனத்துக்கும் இடையே 2016-இல் தொடங்கி 2017 ஜூலையில் சமரசத்தில் முடிந்த வழக்கை எந்தத் தரப்பும் அறிவியல் சான்றாகக் காட்டக் கூடாது. நீதிமன்றம் ஐசோடோப்புகளை எடைபோடவில்லை.

இத்தனைக்குப் பிறகும் வாதம் நகரவில்லை என்றால், இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ஒரு சோதனையை எழுதிவைப்பதே பயனுள்ளது. என் பரிந்துரை இது. இயற்கை நிக்கலை விட்டுவிட்டு, செறிவூட்டிய நிக்கல்-64 ஒரு கிராமை எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு பங்கு உலைக்குப் போகாமல் மூன்றாம் தரப்பிடம் முத்திரையிட்டு இருக்கும். உலையில் எந்தத் தாமிரப் பாகமும் இருக்கக் கூடாது. எண்ணிட்ட புட்டிகளில் எது சாம்பல், எது ஓடாத தூள் என்று பகுப்பாய்வாளருக்குத் தெரியாமல் அனுப்ப வேண்டும். புரோட்டான் ஏற்பு நடந்து, பத்து வாட் உபரி வெப்பம் 30 நாள் வந்திருந்தால், 7.45 மெ.எ.வோ. கணக்குப்படி 2.3 மில்லிகிராம் தாமிரம்-65 உண்டாகியிருக்கும். ஒரு கிராமில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் மேல். இன்றைய கருவிகளுக்கு இது பெரிய அளவு. அந்தத் தாமிரத்தில் 63 என்பது ஏறக்குறைய இருக்கவே கூடாது. 65 மட்டும், வெப்பக் கணக்கு சொன்ன அதே அளவில் கிடைத்தால், இதுவரை மறுத்தவர்கள் தங்கள் தாளை மாற்றி எழுத வேண்டும். 63-உம் 65-உம் 69-க்கு 31 என்று வந்தால், உலையின் குழாய்களை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.